அத்தியாயம் 6: கோர்ட்டும் ஜெயிலும் ஒரே வளாகத்தில்

அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகள் உள்ளன. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுதான். ஆனால் கவுன்டிக்குச் சொந்த வரி வருமானம் உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த கமிஷனர்கள் உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வந்த ஷெரிஃப்பும் உண்டு (பெரும்பாலும் ஜெயிலை நடத்துபவர் இவர்தான்). கோர்ட் கட்டிடமும் ஜெயிலும் பெரும்பாலும் கவுன்டியின் செலவில்தான் நடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் ஊர் நடுவே அடுத்தடுத்து நின்றன. பல ஊர்களில் ஜெயிலின் முன்பகுதியில் ஷெரிஃப் குடும்பத்தோடு குடியிருந்தார். கைதிகளுக்குச் சமைத்துப் போட்டது அவர் மனைவி. பிறகு ஜெயில் பெருத்து ஊருக்கு வெளியே போனது. கோர்ட் இருந்த இடத்திலேயே நின்றது. அன்றிலிருந்து இரண்டுக்கும் நடுவே தினமும் வேன் ஓடுகிறது.

அந்த வேனை நிறுத்தத்தான் பல கவுன்டிகள் இரண்டையும் மறுபடி ஒரே வளாகத்தில் கொண்டுவர நினைக்கின்றன. யோசனை சரியானதே. ஆனால் இரண்டு கட்டிடங்களை ஒட்டிவைத்துவிட்டால் வளாகம் ஆகிவிடாது. அதை எந்த வரிசையில் யோசிப்பது, எங்கே பணம் போடுவது, எங்கே கைவைக்கக் கூடாது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

6.1 யாருக்காகக் கட்டுகிறோம்

கவுன்டி ஜெயிலில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. மீதிப் பேரில் பெரும்பாலோர் ஓராண்டுக்கு உட்பட்ட சிறு தண்டனையை அனுபவிப்பவர்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்குப் போய்விடுவார்கள். ஆகவே கவுன்டி ஜெயில் என்பது பெரும்பாலும் கோர்ட்டின் காத்திருப்பு அறை. கோர்ட் வேகமாக நடந்தால் அது காலியாகும், வாய்தா மேல் வாய்தா விழுந்தால் நிரம்பும். எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று ஷெரிஃபைக் கேட்பதற்கு முன், ஒரு வழக்கு முடிய எத்தனை நாள் ஆகிறது என்று நீதிபதிகளைக் கேட்க வேண்டும்.

6.2 கட்டில் கணக்கு

கணக்கு எளிது. ஓராண்டில் உள்ளே வருபவர்களின் எண்ணிக்கையை, ஒருவர் சராசரியாக உள்ளே இருக்கும் நாட்களால் பெருக்கி 365-ஆல் வகுத்தால், ஒரு நாளின் சராசரிக் கைதிகள் எண்ணிக்கை கிடைக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 4,000 பேர் வருகிறார்கள், சராசரியாக 18 நாள் இருக்கிறார்கள் என்றால் ஒரு நாளைக்கு 197 பேர். அதே 4,000 பேர் 14 நாளில் வெளியேறினால் 153 பேர். நான்கு நாள் குறைந்ததில் 44 கட்டில் மிச்சம். ஒரு ஹவுசிங் யூனிட்டையே (கைதிகள் தங்கும் ஒரு பிரிவையே) கட்டாமல் விடலாம்.

சராசரியை அப்படியே கட்டிவிடவும் கூடாது. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் ஏறும். ஆண், பெண், நோயாளி, ஆபத்தானவர், ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்பவர்கள் என்று பிரித்துவைக்க வேண்டியிருப்பதால், ஒரு பிரிவில் கட்டில் காலியாக இருந்தாலும் இன்னொரு பிரிவு நிரம்பி வழியும். இதற்காகச் சராசரிக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் சேர்ப்பது வழக்கம்.

சட்டம் மாறினாலும் கணக்கு மாறும். நியூ ஜெர்சியில் 2017 ஜனவரியில் ஜாமீன் சீர்திருத்தம் வந்தபின் விசாரணைக் கைதிகள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பண ஜாமீனையே ஒழித்தது. இருபதாண்டு வளர்ச்சிக் கோட்டை நேராக இழுத்து அதற்குக் கட்டிடம் எழுப்பினால், ஒரே ஒரு சட்டத் திருத்தம் பாதிக் கட்டிடத்தைக் காலியாக்கிவிடலாம். மிஞ்சும் கட்டில்களைப் பக்கத்துக் கவுன்டிக்கோ ஃபெடரல் அரசுக்கோ வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வாடகைக்கு வருபவர் அடுத்த ஆண்டு வராவிட்டால் வட்டி மட்டும் நிற்கும்.

கட்டிடக் கலைஞரை அமர்த்துவதற்கு முன்பே ஷெரிஃப், தலைமை நீதிபதி, அரசு வக்கீல், வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் பொதுப் பாதுகாப்பு வக்கீல், கோர்ட் கிளார்க், கமிஷனர்கள் எல்லோரும் உட்காரும் ஒரு குழுவை அமையுங்கள். பொதுப் பாதுகாப்பு வக்கீலை விட்டுவிடும் குழுக்கள் உண்டு. கைதியோடு தனியாகப் பேச எத்தனை அறை வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

6.3 இடம்

ஊர் நடுவில் இருக்கும் பழைய கோர்ட் சதுக்கத்தில் வக்கீல் அலுவலகங்கள், பஸ், சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. நிலம்தான் போதாது. ஊர்ப்புறத்தில் நிலம் தாராளம். ஆனால் கார் இல்லாதவர் வாய்தாவுக்கு வந்துசேர முடியாது. வராதவர்மேல் வாரண்ட் பாயும், அவரே நாளைக்கு ஜெயிலில் ஒரு கட்டிலை நிரப்புவார். பஸ் வராத இடத்தில் கோர்ட் கட்டுவது ஜெயிலைப் பெருக்கும் வேலை.

தூரம் என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவே சாட்சி. கைதிகளைத் தீவிலிருந்து நகரின் ஒவ்வொரு பரோவிலும் (பெரும்பிரிவு) உள்ள கோர்ட்டுக்கும் பஸ்ஸில் ஏற்றி இறக்குவதிலேயே நாள் கழியும். அந்தத் தீவு ஜெயிலை மூடிவிட்டு, நான்கு பரோக்களில் கோர்ட்டுகளுக்கு அருகே புதிய ஜெயில்கள் கட்டும் திட்டத்துக்கு நகர சபை 2019 அக்டோபரில் ஒப்புதல் தந்தது.

நிலத்தின் மட்டத்தையும் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸில் கிரிமினல் கோர்ட்டும் ஆர்லியன்ஸ் பாரிஷ் (அங்கே கவுன்டிக்கு அந்தப் பெயர்) ஜெயிலும் ஒரே வளாகம்போல் அடுத்தடுத்து இருந்தன. 2005-இல் கத்ரீனா புயலின்போது இரண்டிலும் தண்ணீர் புகுந்தது. கைதிகள் இருட்டில் தண்ணீருக்குள் நின்றார்கள். படகில் ஏற்றித்தான் மேம்பாலத்துக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டின் அடித்தளத்தில் இருந்த சாட்சியப் பொருள் அறையும் மூழ்கியது. வீட்டை விட்டுக் குடும்பம் ஓடிவிடலாம், ஜெயிலை விட்டு யாரும் ஓட முடியாது. ஜெனரேட்டர், மின்பலகை, சாட்சியப் பொருள் அறை மூன்றும் வெள்ள மட்டத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். அடித்தளத்தில் இடம் மிச்சம் இருக்கிறது என்று அவற்றைக் கீழே தள்ளாதீர்கள்.

6.4 மூன்று பாதைகள்

வளாகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அறைகளின் பட்டியலை எடுத்து வரையத் தொடங்காமல், முதலில் மூன்று பாதைகளை வரையுங்கள்.

பொதுப் பாதை: வழக்காடிகள், சாட்சிகள், குடும்பத்தினர், நிருபர்கள். நுழைய ஒரே வாசல், அங்கேயே சோதனை.

உள்பாதை: நீதிபதிகள், ஜூரிகள், ஊழியர்கள். தனி கார் நிறுத்தம், தனி லிஃப்ட்.

காவல் பாதை: கைதிகளும் அவர்களைக் கொண்டுவரும் அதிகாரிகளும்.

இம்மூன்றும் கோர்ட் ஹாலுக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும். வேறு எங்காவது ஒன்றையொன்று வெட்டினால் திட்டத்தை மறுபடி வரையுங்கள். கூடுதலாக ஒரு காவலரைப் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தக் காவலரின் சம்பளத்தைக் கட்டிடம் இருக்கும்வரை கொடுக்க வேண்டியிருக்கும்.

காவல் பாதையில் ஒரு கைதியோடு நடந்து பாருங்கள். போலீஸ் கார் சாலிபோர்ட்டுக்குள் நுழைகிறது. இது முன்னும் பின்னும் கதவுள்ள மூடிய கூடம். ஒரு கதவு பூட்டினால்தான் மறு கதவு திறக்கும். அங்கிருந்து பதிவுக் கூடம்: சோதனை, கைரேகை, நர்ஸிடம் முதல் மருத்துவக் கேள்விகள். வாரண்ட் இல்லாமல் கைதானவர் விஷயத்தில், கைதுக்குத் தகுந்த காரணம் உண்டா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். 1991-இல் ரிவர்சைட் கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வரையறை இது. சனி, ஞாயிறுக்கு விலக்கு இல்லை. ஆகவே முதல் ஆஜருக்கென்று பதிவுக் கூடத்தின் அருகே ஒரு சிறு கோர்ட் ஹால் வையுங்கள். பெரிய கட்டிடத்தைப் பூட்டிவைத்த நாளிலும் இது தனியாக இயங்கும். பொதுமக்கள் வர அதற்குத் தெருப்பக்கம் ஒரு கதவு கட்டாயம் வேண்டும். ஜெயிலுக்குள் மறைவாக நடக்கும் விசாரணையை யாரும் நம்ப மாட்டார்கள்.

விசாரணை நாளன்று கைதி தன் யூனிட்டிலிருந்து காவல் தாழ்வாரம் வழியாகக் கோர்ட்டின் கீழ்த்தள மையக் கொட்டடிக்கு வருவார். அங்கிருந்து தனி லிஃப்ட்டில் மேலே போவார். இரண்டு கோர்ட் ஹால்களுக்கு நடுவே இரண்டு மூன்று சிறு கொட்டடிகள், வக்கீல் பேசும் அறை, லிஃப்ட் எல்லாம் ஒரே கொத்தாக இருக்கும். இரண்டு ஹாலுக்கும் ஒரே கொத்து போதும், இடமும் ஆளும் மிச்சம். கொட்டடிக் கதவிலிருந்து கூண்டுவரை பத்துப் பதினைந்து அடிக்கு மேல் இருக்க வேண்டாம்.

அந்தக் கொத்தில் உடை மாற்றும் இடத்தை மறந்துவிடாதீர்கள். ஜெயில் உடையோடு ஜூரி முன் நிற்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் சொல்லிவிட்டது. ஜூரி கண்ணில் படும்படி விலங்கு பூட்டுவதற்கு 2005-இல் மேலும் கட்டுப்பாடு வந்தது. எனவே விலங்கைக் கழற்றி, சொந்த உடை போடவைத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். மொத்த வழியிலும் ஆபத்தான நிமிடங்கள் இவைதான். 2005 மார்ச் 11 அன்று அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுன்டி கோர்ட்டில் ஒரு கைதியை ஒரே ஒரு பெண் அதிகாரி அழைத்துவந்தார். உடை மாற்றுவதற்காக விலங்கைக் கழற்றியதும் அவரை அடித்து வீழ்த்திய கைதி, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, கட்டிடங்களை இணைக்கும் பாலத்தைக் கடந்து பழைய கோர்ட்டுக்குப் போய் நீதிபதி ரோலண்ட் பார்ன்ஸையும் கோர்ட் ரிப்போர்ட்டரையும் சுட்டுக் கொன்றார். தாக்குதல் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. அந்த நேரம் திரையை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

வரைபலகையில் இதற்கு மூன்று பதில்கள் உண்டு. உடை மாற்றும் கொட்டடியில் உணவுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு சிறு திறப்பு வைத்து, கதவைப் பூட்டியபின் அதன் வழியாகவே விலங்கைக் கழற்றுங்கள், பூட்டுங்கள். அதிகாரிகள் துப்பாக்கியைப் பூட்டிவைக்கும் பெட்டியைக் காவல் பாதைக்கு வெளியே வையுங்கள். அந்த இடம் கேமராவில் மட்டும் இல்லாமல் இன்னோர் அதிகாரியின் கண்ணெதிரிலும் இருக்கட்டும்.

6.5 பாலமா, சுரங்கமா, சுவரா

பிட்ஸ்பர்க்கில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்த அலிகெனி கவுன்டி கோர்ட்டும் ஜெயிலும் இப்படி இணைந்த வளாகங்களுக்கு முன்னோடி. முந்தைய கோர்ட் 1882-இல் எரிந்துபோனது. புதிய ஜெயில் 1886-இலும் கோர்ட் 1888-இலும் முடிந்தன. ரிச்சர்ட்சன் 1886-லேயே காலமாகிவிட்டார். நடுவே தெரு ஓடியது. கைதியைத் தெருவில் இறக்காமல் கொண்டுபோக, வெனிஸின் புகழ்பெற்ற பெருமூச்சுப் பாலத்தின் சாயலில் தெருவுக்குக் குறுக்கே கல் பாலம் ஒன்றை அவர் வடிவமைத்திருந்தார்.

இன்றைக்கும் வழிகள் மூன்றுதான். பாலம் வெள்ளத்துக்குப் பயப்படாது, பகல் வெளிச்சமும் உண்டு. ஆனால் கைதியை ஊர் பார்க்காதபடி கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுரங்கம் கண்ணில் படாது. நீர்மட்டம் உயர்ந்த ஊரில் மட்டும் தொல்லை. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வது எல்லாவற்றிலும் மலிவு. பின்னால் ஒன்றை இடித்து மற்றதை வைத்துக்கொள்வதுதான் அதில் கடினம்.

ஜெயிலைக் கோர்ட்டின் தலைக்கு மேல் அடுக்கலாமா? நிலம் கிடைக்காத நகரத்தில் செய்திருக்கிறார்கள். 1983-இல் திறந்த போர்ட்லண்டின் மல்ட்னோமா கவுன்டி ஜஸ்டிஸ் சென்டர் அப்படிப்பட்ட கோபுரம். நிலம் இருந்தால் அடுக்காதீர்கள். கோர்ட் ஹாலுக்கு நடுவில் தூண் இல்லாத அகலமும் உயரமும் வேண்டும். செல்கள் சிறு பெட்டிகள், சுவருக்குச் சுவர் நெருக்கம். ஒரே தூண் அமைப்பு இரண்டுக்கும் பொருந்தாது. கோபம் வந்த கைதி போர்வையைக் கழிப்பறையில் அடைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவது எந்த ஜெயிலிலும் நடக்கும், கீழே நீதிபதியின் மேசை நனையும். பின்னால் விரிவாக்க வேண்டுமென்றால் மேலும் போக முடியாது, பக்கத்திலும் போக முடியாது.

தீ விதிகளும் இரண்டுக்கும் வேறு. கோர்ட்டில் மணி அடித்தால் எல்லோரும் வெளியே ஓடலாம். ஜெயிலில் கதவு பூட்டியிருக்கும். அதனால் புகை தாண்டாத சுவர்களால் தளத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பக்கத்துப் பகுதிக்கு ஆட்களை நகர்த்துவதுதான் வழி. சர்வதேசக் கட்டிட விதித்தொகுப்பின்படி ஒரு பகுதியில் 200 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

6.6 ஜெயிலின் உள்ளே

பழைய ஜெயில்கள் நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாகச் செல்கள் வைத்தவை. காவலர் நடந்துபோகும் நேரத்தில் மட்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். அடுத்து வந்தவை செல்களை ஒரு கூடத்தைச் சுற்றி வைத்துக் காவலரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தன. மூன்றாவது வகையில் காவலர் கண்ணாடிக்கு வெளியே, கைதிகளோடு கூடத்திலேயே இருக்கிறார். இந்த நேரடிக் கண்காணிப்பு முறை 1970-களின் நடுவில் ஃபெடரல் காவல் மையங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று ஹாரி வீஸ் வடிவமைத்த சிகாகோ முக்கோணக் கோபுரம் (1975). அதன் ஜன்னல்கள் 5 அங்குல அகலமே என்பதால் கம்பி தேவைப்படவில்லை. கவுன்டிகளில் இதை முதலில் எடுத்துக்கொண்டது கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா, 1981-இல்.

ஒரு யூனிட்டில் 48 முதல் 64 கட்டில் என்பது பழக்கத்தில் உள்ள அளவு. இந்த எண்ணுக்குப் பின்னால் சம்பளக் கணக்கு இருக்கிறது. 24 மணி நேரமும் ஒருவர் நிற்க வேண்டிய இடத்துக்கு ஆண்டில் 8,760 மணி நேரம் ஆகும். விடுப்பு, பயிற்சி, நோய் எல்லாம் கழித்தால் ஓர் ஊழியர் தருவது 1,700 மணி நேர அளவு. ஆக ஓர் இடத்துக்கு ஐந்து பேருக்கு மேல் சம்பளம். வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையை விட்டு, அதைப் பார்க்க ஒரு காவலரைப் போட்டால், 30 ஆண்டில் 150 ஆண்டுச் சம்பளம் அந்த மூலைக்குப் போகும். 30 ஆண்டுச் செலவில் கட்டுமானம் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று இத்துறையில் சொல்வார்கள்.

அளவுகளைப் பொறுத்தவரை, அமெரிக்கச் சிறைச் சீர்திருத்தச் சங்கத்தின் தரநிலை தனிச் செல்லில் தட்டுமுட்டு போக 35 சதுர அடி வெற்றிடம் கேட்கிறது. நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் பூட்டிவைத்தால் செல் மொத்தம் 70 சதுர அடியாவது இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான விதிப்படி புதிய ஜெயிலில் 3 சதவீதச் செல்கள் சக்கர நாற்காலிக்கு ஏற்றவையாக வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் அவற்றைப் பரப்பி வையுங்கள். எல்லாவற்றையும் மருத்துவப் பிரிவில் குவித்தால் காலில்லாத காரணத்தாலேயே ஒருவர் நோயாளிகளோடு அடைபடுவார். சிறார்கள் பெரியவர்களின் பார்வையிலும் பேச்சொலியிலும் படக் கூடாது. இந்த விதி கோர்ட் கொட்டடிக்கும் லிஃப்ட்டுக்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்க ஜெயில் மரணங்களில் தற்கொலை பல ஆண்டுகளாக முதல் காரணமாக இருந்துவருகிறது. துணி மாட்டும் கொக்கி, காற்றுக் கம்பிவலை, தண்ணீர்க் குழாய் எதிலும் ஒரு முடிச்சு நிற்கக் கூடாது. பலர் ஜெயிலில் இதைக் கவனித்துவிட்டு, கோர்ட்டுப் பக்கத்துக் கொட்டடியில் சாதாரணச் சாமான்களைப் போட்டுவிடுவார்கள். தண்டனைத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வருபவர் முதலில் உட்காரும் இடம் அதுதான்.

6.7 வீடியோ வந்தபின்

கேமரா வைத்துவிட்டால் கைதியைக் கொண்டுவரவே வேண்டாம், கோர்ட் ஹாலைக் குறைக்கலாம் என்று ஒரு வாதம் வரும். வாய்தா வாங்குவதற்கும் தேதி மாற்றுவதற்கும் வீடியோ போதும். ஜாமீன் போன்றவற்றில் எச்சரிக்கை வேண்டும். சிகாகோவின் குக் கவுன்டியில் 1999-இல் ஜாமீன் விசாரணையை வீடியோவுக்கு மாற்றியபின், அந்த முறை பாதித்த வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் உயர்ந்ததாக 2010-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தொகை கூடினால் கட்ட முடியாதவர் உள்ளேயே இருப்பார். லிஃப்ட்டில் மிச்சம் பிடித்த பணம் கட்டிலில் போய்விடும். வீடியோ அறைகள் வையுங்கள், பக்கத்திலேயே வக்கீல் தனியாகப் பேச ஒரு தொலைபேசியும் வையுங்கள். அவற்றை நம்பிக் காவல் பாதையைச் சுருக்காதீர்கள்.

6.8 இரண்டு வாசல்கள்

முன்வாசல் கோர்ட்டின் வாசலாகத் தெரிய வேண்டும். வாடகைத் தகராறுக்கும் திருமணப் பதிவுக்கும் வருபவர்கள் ஜெயிலுக்குள் நுழைவதுபோல் உணரக் கூடாது. உள்ளே, பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமும் ஒரே பெஞ்சில் காத்திருக்காதபடி இரண்டு காத்திருப்பு இடங்கள் வேண்டும்.

விடுதலை வாசல் பெரும்பாலான வரைபடங்களில் கடைசியாக வருவது. ஜாமீன் கிடைத்தவர் இரவு இரண்டு மணிக்கும் வெளியே வருவார். பறித்துவைத்த அவருடைய செல்போனில் சார்ஜ் இருக்காது. கூரை, பெஞ்சு, விளக்கு, சார்ஜ் செய்யும் பிளக், கழிப்பறை, அடுத்த வாய்தா தேதியை அச்சிட்டுத் தரும் ஒரு ஜன்னல் இவை இருந்தால் போதும். தேதி கையில் இருப்பவர் வாய்தாவுக்கு வருவார்.

6.9 எது முதலில் பழசாகும்

அலிகெனி கவுன்டி 1995-இல் புதிய ஜெயிலுக்கு மாறியது. ரிச்சர்ட்சனின் பழைய ஜெயில் பிறகு குடும்ப நீதிமன்றத்தின் இடமானது. கோர்ட் இன்றும் கோர்ட்தான். ஜெயில்கள் கோர்ட்டுகளைவிடச் சீக்கிரம் தேய்கின்றன. கதவுகளும் குழாய்களும் பூட்டுகளும் நாள் முழுதும் அடிபடுகின்றன, சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே இரண்டையும் தனித்தனி அஸ்திவாரத்தில், தனித்தனி மின்சாரம், குளிர்சாதனத்தோடு கட்டி, ஒரு தாழ்வாரத்தால் இணையுங்கள். விரிவாக்கத்துக்கு ஜெயிலின் ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்தப் பக்கத்தில் கார் நிறுத்தலாம், கட்டிடம் எழுப்ப வேண்டாம்.

6.10 ஒப்புதல் கையெழுத்துக்கு முன் சரிபார்க்க

1. கட்டில் எண்ணிக்கை கோர்ட்டின் வழக்கு வேகத்தை வைத்துக் கணக்கிடப்பட்டதா? வழக்குகள் ஒரு வாரம் சீக்கிரம் முடிந்தால் எத்தனை கட்டில் குறையும் என்று கமிஷனர்களுக்குக் காட்டியாயிற்றா?

2. மூன்று பாதைகளை மூன்று நிறத்தில் எல்லாத் தளங்களிலும் வரைந்தாயிற்றா? கோர்ட் ஹாலுக்கு வெளியே எங்காவது நிறங்கள் வெட்டுகின்றனவா?

3. காவல் லிஃப்ட் பழுதானால் கைதிகள் வர மாற்று வழி எது?

4. சனிக்கிழமை இரவு கைதானவர் எந்த ஹாலில், யார் முன் ஆஜராவார்? அவர் தாய் அங்கே எந்தக் கதவு வழியாக வருவார்?

5. ஒவ்வொரு காவல் இடத்துக்கும் ஆள் கணக்கு எழுதியாயிற்றா? முதல் ஆண்டுச் சம்பளத்தை வரவு செலவுத் திட்டத்தில் போட்டாயிற்றா? ஆள் இல்லாமல் ஒரு தளத்தைப் பூட்டிவைத்த புதிய ஜெயில்கள் உண்டு.

6. வெள்ளம், மின்தடை, தீ மூன்றுக்கும் கைதிகளை எங்கே நகர்த்துவது என்பது வரைபடத்தில் இருக்கிறதா?

இடம் மாறும் குழுவைக் கட்டுமானம் தொடங்கும்போதே அமையுங்கள். முடியும் தறுவாயில் அமைத்தால் நேரம் போதாது. திறப்பதற்குச் சில வாரம் முன்னால் அதிகாரிகளில் சிலரைக் கைதிகளாக நடிக்கச் சொல்லி, சாலிபோர்ட்டிலிருந்து செல்லுக்கும் செல்லிலிருந்து கூண்டுக்கும் கூண்டிலிருந்து விடுதலை வாசலுக்கும் நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு கதவிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவில் அதிகாரி சலித்துப்போய் அதைத் திறந்தே வைக்கக் கட்டை முட்டுக் கொடுக்கிறாரோ, அந்தக் கதவு தவறான இடத்தில் இருக்கிறது. கான்ட்ராக்டர் ஊரைவிட்டுப் போவதற்குள் அதை மாற்றச் சொல்லுங்கள்.